இலோயிலோவுக்கு ஒரு குழாய் வரைபடம்

காத்தமுத்து பிலிப்பைன்ஸுக்குப் போனதில்லை. மரிஸெல் பிறந்து வளர்ந்தது அந்த நாட்டின் இலோயிலோ நகரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பர் துபாயில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளக் கஃபெடேரியாவில், இலோயிலோவின் ஒரு பேக்கரி தெருவுக்கு இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மரிஸெல் அங்கே கேஷியர். வலப்பக்கம் என்றார். பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அந்தக் கடையில் ரொட்டி வாங்கியவராம்.

"நோ மேடம். பிளாசாவுலேர்ந்து வந்தா லெஃப்ட்," என்றார் காத்தமுத்து. பாதி இந்தி, பாதி தமிழ், ஊடே ஆங்கிலம். "பக்கத்துல மெடிக்கல். எதுத்தாப்ல கரண்ட் போஸ்ட். அதுக்கடியில ஒரு வெள்ள நாய் படுத்திருக்கும்."

மரிஸெல் சிரிக்கவில்லை. கல்லாவைப் பூட்டிவிட்டு ஊரில் இருந்த தம்பி ஜூனுக்குப் போன் போட்டார். ஜூன் அங்கே ட்ரைசைக்கிள் ஓட்டுகிறவர். மோட்டார் சைக்கிளோடு பக்கவாட்டில் ஒரு கூண்டு இணைத்தது போன்ற வண்டி அது. அவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். பேக்கரி இடப்பக்கம்தான் இருந்தது. நாய் மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போயிருந்தது.

காத்தமுத்து டீயைக் கீழே வைத்தார். "அப்படியா?" என்று என்னிடம் கேட்டார். நாய் செத்த செய்தி அவரை உண்மையிலேயே பாதித்திருந்தது.

காணவில்லை

இதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் எனக்குப் பழக்கமானார். வெள்ளிக்கிழமை விடுமுறை ஞாயிற்றுக்கு மாறியிருந்த காலம். நான் ஓர் ஆங்கில நாளிதழின் டெஸ்க்கில் இருந்தேன். மதிய ஷிஃப்டுக்குப் போனபோது, வரவேற்பறையில் ஒருவர் காலையிலிருந்து காத்திருப்பதாகக் காவலாளி சொன்னார். ஒல்லியான மனிதர், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரத்தநாடு பக்கம். ருவைஸ் ஆலை நகரத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பைப் ஃபேப்ரிகேட்டர், குழாய்களை வெட்டி இணைக்கும் வேலை. நானும் தஞ்சாவூர்க்காரன் என்று தொழிலாளர் கேம்ப்பில் யாரோ சொல்ல, மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்திருந்தார்.

அவருக்கு ஒரு விளம்பரம் போட வேண்டும். முடிந்தால் பிலிப்பைன்ஸ் பத்திரிகையில், இல்லாவிட்டால் எங்களுடையதில். கையில் எழுதியே வைத்திருந்தார்: "காணவில்லை. அட்டைப் பெட்டி ஒன்று. நிறம் பழுப்பு. உயரம் மூன்றடி. கடைசியாகப் பார்த்தபோது நீல நைலான் கயிறு அணிந்திருந்தது."

பழக்க தோஷம். பேனாவை எடுத்து 'அணிந்திருந்தது' என்பதைக் 'கட்டியிருந்தது' என்று திருத்தினேன். பிறகுதான் விஷயம் என்ன என்று கேட்டேன்.

பெட்டியில் ஒரு குக்கர், குளியலறைக் குழாய்கள், இரண்டு கம்பளி, பால் மாவு இருந்தன. அவற்றை அவர் பெரிதாக நினைக்கவில்லை. அடியில், கம்பளிக்கு நடுவே, இரண்டடி நீளத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு இருந்தது. அதில் அவர் கையால் வெட்டிய எழுத்துகள்: வசந்தா இல்லம்.

ஊரில் அவர் கட்டிய வீட்டுக்கு அவருடைய அம்மாவின் பெயரை, 'அஞ்சலை இல்லம்' என்று, வைப்பதாகத்தான் பேச்சு. செங்கல் இறக்கியது, கொத்தனாரோடு மல்லுக்கட்டியது, தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்தது எல்லாம் மனைவி வசந்தா. பெயர் விஷயத்தில் அவர் ஒருமுறை முகம் சுளித்தார். பிறகு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். காத்தமுத்து அதை மனதில் வைத்துக்கொண்டு, ஃபோர்மேனிடம் கழிவுத் தகடு ஒன்று கேட்டு வாங்கி, நான்கு மாதம் உணவு இடைவேளைகளில் எழுத்தெழுத்தாக வெட்டியிருக்கிறார். வெளியே எடுத்துவர கேட் பாஸும் வாங்கியிருக்கிறார். அதை என்னிடம் காட்டினார்: "துண்டுத் தகடு, எழுத்துகளுடன், எண்ணிக்கை ஒன்று." போட்டோ கிடையாது. ஆலைக்குள் கேமரா போனுக்கு அனுமதி இல்லை. வெளியே வந்ததும் நேராகப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார்.

மூன்றுக்கு ஒன்று

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவுக்குப் பெட்டி அனுப்பினால் கிலோ கணக்கு. பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் பெட்டி கணக்கு; எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒரே கட்டணம். அதனால் அவர்களுடைய பெட்டிகள் இரட்டை அட்டையில், யானை ஏறினாலும் அமுங்காதவை. அந்தப் பெட்டிக்கு எங்கள் ஆட்களிடம் எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

காத்தமுத்துவோடு ஒரே மேஜையில் வேலை பார்த்த ரோடெல் என்ற பிலிப்பைன்ஸ்காரர், வேலையை விட்டுக் குவைத்துக்குப் போகும்போது தன்னிடம் மிச்சமிருந்த காலிப் பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் தன் தாயாரின் முகவரியை ரோடெல் ஏற்கெனவே மூன்று பக்கமும் மார்க்கரால் எழுதியிருந்தார். காத்தமுத்து தன் ஒரத்தநாட்டு முகவரியைத் தாளில் எழுதி மேல் மூடியில் ஒட்டினார்.

பழைய முகவரியை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"அவங்க அம்மா பேரு சார். எப்படி அடிக்கிறது?" என்றார்.

தன் அம்மா பெயரை வாசலிலிருந்தே எடுத்தவர் இவர் என்பதை நான் நினைவூட்டவில்லை.

கார்கோ வேன் பல நாடுகளுக்கும் சேர்த்து ஏற்றிப் போகும் வேன். கிடங்கில் இந்தப் பெட்டியின் மேல், ஒரத்தநாட்டு முகவரி மறைய, இன்னொரு பெட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பிலிப்பைன்ஸ் வென்றது. இரண்டு மாதம் கழித்து கார்கோ அலுவலகத்தில் விசாரித்தபோது, பெட்டி இலோயிலோவில் ஒப்படைக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர் லூர்தெஸ் என்று பதிவு இருந்தது. போன் எண் என்று இருந்தது ரோடெலின் பழைய ருவைஸ் எண். அது செத்துப் பல மாதம்.

உண்மையை அப்படியே சொல்லும் பழக்கம் சில ஆண்களுக்குக் கல்யாணம் ஆன பிறகும் போவதில்லை. காத்தமுத்து ஊருக்குப் போன் செய்து, பெட்டியை பிலிப்பைன்ஸில் லூர்தெஸ் என்று ஒரு பெண் வாங்கிக்கொண்டாள் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வசந்தாவிடமிருந்து வந்த குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் இங்க ஏழு வருசமா கொத்தனாரோட மாரடிக்கிறேன். நீங்க லூர்தெசுக்குக் குக்கர் அனுப்புறீங்க. தை மாசம் பால் காய்ச்சுறதுக்கு நீங்க வர வேணாம். அவ வீட்டுலயே காய்ச்சிக்கிங்க."

அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. தகட்டைப் பற்றி இவர் சொல்லவும் இல்லை. இப்போது சொன்னால் கதை கட்டுவதாகத்தான் தெரியும். இன்னொன்று வெட்டிவிடலாமே என்றேன்.

"வெட்டலாம் சார். சண்டைக்கு அப்பறம் வெட்டுனதாயிடும்ல," என்றார்.

விளம்பரத்தால் பயனில்லை என்று மட்டும் சொன்னேன். கஃபெடேரியாவில் மரிஸெல்லிடம் அறிமுகப்படுத்திவிட்டால் என் கடமை முடிந்தது என்றும் நினைத்தேன்.

முகவரி இல்லாத ஊர்கள்

பெட்டியில் எழுதியிருந்த முகவரி காத்தமுத்துவுக்கு மனப்பாடம். 'லூர்தெஸ், தேவாலயத்துக்குப் பக்கம், கூடைப்பந்து மைதானத்துக்குப் பின்னால், ஹாரோ, இலோயிலோ.' ஹாரோ என்பது அந்த நகரத்தின் பழைய பேட்டை.

கேட்டதும் மரிஸெல் தலையில் கைவைத்தார். ஹாரோவில் பத்தடிக்கு ஒரு சின்னத் தேவாலயம், அதன் பக்கத்தில் கட்டாயம் ஒரு கூடைப்பந்து மைதானம். பேட்டையில் பாதிப் பெண்களுக்கு லூர்தெஸ் என்று பெயர்.

இதைக் கேலி செய்யும் தகுதி எங்களுக்கு இல்லை. அமீரகத்துக்கு நான் வந்த புதிதில், கதவு எண் என்று ஒன்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. கடிதமெல்லாம் கம்பெனியின் தபால் பெட்டிக்கு. வீட்டுக்கு வழி சொன்னால், மருந்துக்கடைக் கட்டடம், நான்காவது மாடி, செருப்புகள் அதிகம் கிடக்கும் கதவு என்பார்கள். அந்த மருந்துக்கடை நான் குடிவருவதற்கு ஆறு வருஷம் முன்பே மூடப்பட்டிருந்தது. அங்கே இருந்தது தையல்கடை. தையல்காரரே தன் கடைக்கு வழி கேட்டால் மருந்துக்கடைக் கட்டடம் என்றுதான் சொல்வார். செய்திகளில் இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டும் என்று இளம் நிருபர்களிடம் கத்திக்கொண்டிருந்த நான், சாப்பாடு வரவழைக்க அந்த மருந்துக்கடையைத்தான் பயன்படுத்தினேன்.

எல்போவும் டீயும்

பேக்கரித் தகராறு நடந்த ஞாயிற்றுக்குள் காத்தமுத்து ஹாரோவை முடித்திருந்தார். கைபேசி வரைபடத்தில் தெருப் படங்களை நகர்த்தி நகர்த்தி, தினமும் டியூட்டி முடிந்ததும் ஒரு மணி நேரம் அவர் அங்கே நடந்தார். எந்தத் தெருவில் சேவல்களைக் காலில் கயிறு கட்டி நிறுத்தியிருப்பார்கள், எந்த வீட்டுப் பால்கனியில் மரச்சட்டம் உடைந்திருக்கும், ஜீப்னி என்கிற வண்ண வண்ண நீள ஜீப்கள் எங்கே வரிசையில் நிற்கும், எல்லாம் சொன்னார். சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண் மூன்று தெருக்களில் தென்படுவார். படமெடுத்த வண்டிக்கு முன்னாலேயே நடந்து போனவர் போலிருக்கிறது. காத்தமுத்து அவரைக் குடைக்கார அக்கா என்றார்.

இதையெல்லாம் அவர் ஒரு பெரிய தாளில் வரைந்து கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வரைபடம் ஆலையில் குழாய் போடுவதற்கு வரையும் ஐசோ டிராயிங். ஆகவே ஹாரோவும் அப்படியே வந்திருந்தது. தெருக்கள் குழாய்கள். வளைவுகள் எல்போ. முச்சந்திகள் டீ. சிக்னல் இருக்கும் இடத்தில் வால்வு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு லைன் நம்பர், ஓட்டம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. ஹாரோவின் பேராலயம் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்க, அதன் மணிக்கூண்டு மட்டும் சாலையைத் தாண்டி எதிரே தனியாக நிற்கிறது. அந்த இடத்தில் சிவப்பு மையில் 'அலைன்மென்ட் அவுட்', அதாவது வரிசை விலகியிருக்கிறது, என்று குறித்திருந்தார். வலது மூலையில் கட்டம் போட்டு 'ரெவ் 3' என்று எழுதியிருந்தார். மூன்று முறை திருத்தியது என்று பொருள்.

மொத்தம் பதினோரு தேவாலயங்கள். மைதானத்துக்குப் பின்னால் வீடுகள் இல்லாதவற்றை நீக்கியதில் மூன்று மிஞ்சின.

ஜூன் வண்டியில் போய்ப் பார்க்கச் சம்மதித்தார். காத்தமுத்து இதை வசந்தாவுக்கு அவருடைய அண்ணன் மூலம் சொல்லியனுப்பினார். வந்த பதில் இதுதான்: அப்படி ஒரு வீடு இருந்தால் என் கண்ணால் பார்க்க வேண்டும், நீங்கள் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லக் கூடாது.

இரண்டு கைபேசிகள்

அடுத்த ஞாயிறு. துபாயில் காலை பதினொன்று, ஒரத்தநாட்டில் பன்னிரண்டரை, இலோயிலோவில் பிற்பகல் மூன்று. இங்கே வீடியோ அழைப்புக்கு எல்லாச் செயலிகளும் வேலை செய்யாது. வசந்தாவிடம் இருந்த செயலி வேறு, ஜூனிடம் இருந்தது வேறு. மூவரையும் ஒரே அழைப்பில் சேர்க்க முடியவில்லை. கடைசியில் மரிஸெல்லின் கைபேசியில் ஜூன், காத்தமுத்துவின் கைபேசியில் வசந்தா. இரண்டையும் நேருக்கு நேர் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. காத்தமுத்துவின் கையில் வரைபடம். மரிஸெல் மொழிபெயர்ப்பு.

இருபது வருஷப் பத்திரிகை வாழ்க்கையில் நான் இரண்டு தேசங்களை முகத்துக்கு முகம் நிறுத்தியது அன்று ஒரு நாள்தான். கை வலித்தது.

"யாரு போனப் பிடிச்சிருக்கிறது?" என்றார் வசந்தா.

"பத்திரிகை சாரு."

"அண்ணே, கொஞ்சம் கீழ எறக்குங்க. ஃபேனுதான் தெரியுது."

இறக்கினேன்.

"எல்போ தாண்டி நேரா," என்றார் காத்தமுத்து. மரிஸெல் அதைத் தன் பாஷையில் ஏதோ ஆக்கினார். ஜூன் திரும்பினார். பேக்கரி வந்தது. காத்தமுத்து மின்கம்பத்தின் அடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

முதல் தேவாலயம். ஜூன் வண்டியை நிறுத்தி லூர்தெஸ் என்று கூப்பிட்டதும் மூன்று வீடுகளிலிருந்து மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள்.

"இதுல எது?" என்று கேட்டார் வசந்தா.

மூன்றும் இல்லை. யாருக்கும் ரோடெல் என்று மகன் கிடையாது. இரண்டாவது தேவாலயத்தில் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்து வந்து ட்ரைசைக்கிள் கூரையில் விழுந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். லூர்தெஸ் இல்லை, அதற்குப் பதில் ஜூனை அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் தேர்தல் வேட்பாளர்களின் முகங்கள் தொங்கின.

"அங்கயும் நம்மூரு மாதிரியேதான் மூஞ்சியப் பெருசா போட்டு வச்சிருக்கானுவோ," என்றார் வசந்தா. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் கணவரைப் பார்த்துக் கேள்வியாக இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம் என்று பிறகு காத்தமுத்து கணக்குச் சொன்னார். நானோ கணவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்தேன். அது எனக்குச் சொன்னதாகவும் இருக்கலாம்.

பச்சைக் கதவு

மூன்றாவது சந்து குறுகல். கொடியில் துணிகள் வண்டியின் கூரையை உரசின. தேவாலயம் ஒரு அறை அளவுதான். மைதானத்தின் வளையத்தில் வலை இல்லை. அதன் பின்னால் நான்கைந்து வீடுகள். ஜூன் மெதுவாகத்தான் ஓட்டினார். ஒரு பச்சைத் தகரக் கதவைத் தாண்டினார். காத்தமுத்து குனிந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டச் சொல்லுங்க," என்றார் வசந்தா.

மரிஸெல் சொன்னார்.

"பின்னால போவச் சொல்லுங்க. அந்தப் பச்ச கேட்டு."

வண்டி பின்னால் வந்தது. கதவின் நடுவில், கண்மட்டத்தில், நான்கு போல்ட் போட்டு முறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வெயிலில் கண்ணைப் பறித்தது. எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. ஜூன் இருந்த கைபேசியைத் தலைகீழாகத் திருப்பினேன். வசந்தா இல்லம்.

"தலகீழா மாட்டியிருக்காங்க சார்," என்றார் காத்தமுத்து.

வசந்தாவுக்குத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. "அது எம் பேரு," என்றார். கஃபெடேரியாவில் யாரோ பரோட்டா சொன்னார்கள். "எப்ப வெட்டுனீங்க?"

"சித்திரையில ஆரம்பிச்சேன்."

"சித்திரையில நம்ம நல்லாத்தான பேசிக்கிட்டிருந்தோம்?"

"ஆமா. அப்பத்தான்."

கதவு திறந்து ஒரு கிழவி வந்தார். எழுபது வயது இருக்கும். பூப்போட்ட வீட்டு உடை, கையில் விசிறி. இவர்தான் லூர்தெஸ். ஜூன் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். மரிஸெல் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு பாதியில் நிறுத்தினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. குவைத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை பேசிய மகன், பிறகு கூப்பிடவில்லை. ஐந்து மாதம். பிறகு பெட்டி வந்தது; மூன்று பக்கமும் மகன் கையெழுத்து. உள்ளே கடிதம் இல்லை, ஆனால் இந்தத் தகடு இருந்தது. மகன் செய்யும் வேலை இதுதான் என்று அவருக்குத் தெரியும். எழுத்து புரியவில்லை. மகன் இருப்பது அரபு நாட்டில், அதனால் அரபியாக இருக்கும், ஏதாவது ஆசீர்வாதமாக இருக்கும் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். குழாய்களைப் பொருத்திவிட்டார். குக்கர் எதற்கு என்று தெரியாமல் அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறார். தினமும் காலையில் தகட்டைத் துடைக்கிறார்.

மரிஸெல் நிறுத்திய இடத்தில் கிழவி கேட்டிருந்தது: நீங்கள் ரோடெலின் நண்பர்களா? அவன் நன்றாக இருக்கிறானா?

காத்தமுத்து என்னைப் பார்த்தார். என் தொழிலில் தவறான செய்தி வந்துவிட்டால் மறுநாள் திருத்தம் போடுவோம். சின்னதாக, உள்பக்கத்தில், ஆனால் போடுவோம். அன்று நான் போடவில்லை.

"என்ன சொல்றாங்க அந்தம்மா?" என்று வசந்தா கேட்டார். சொன்னேன்.

"எடுக்க வேணாம்," என்றார் வசந்தா. "நேரா மட்டும் மாட்டச் சொல்லுங்க."

ஜூன் வண்டிக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்தார். நான்கு போல்ட்டைக் கழற்றித் தகட்டைத் திருப்பி மாட்டும்வரை இரண்டு நாடுகளிலும் யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கிழவிக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் நன்றி சொன்னார். ரோடெலின் நண்பர்கள்தான், போன் எண் மாறியிருக்கிறது, விசாரித்துச் சொல்கிறோம் என்று மரிஸெல் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை.

"குக்கரு எப்படி வைக்கிறதுன்னு அந்தப் பொண்ண சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க," என்று மரிஸெல்லைச் சொன்னார் வசந்தா. "அப்பறம், அந்தம்மாவோட மவன் எங்கன்னு பாருங்க."

ரெவ் 0

தை மாதம் காத்தமுத்து லீவில் போய்ப் பால் காய்ச்சினார். எனக்குப் போட்டோ வந்தது. புது வீட்டின் கேட்டில், உள்ளூர் பெயிண்டர் நீல எனாமலில் எழுதியிருந்த பெயர்: அஞ்சலை இல்லம். ஏன் என்று கேட்டேன். வசந்தா ஏற்பாடாம். தனக்குத்தான் வெளிநாட்டில் ஒரு வீடு இருக்கிறதே, மாமியாருக்கு உள்ளூரில் இருக்கட்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

லீவு முடிந்து வந்த முதல் ஞாயிறு காத்தமுத்து கஃபெடேரியாவுக்கு வந்தார். கக்கத்தில் சுருட்டிய தாள். மரிஸெல் கல்லாவைப் பூட்டிவிட்டு எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

காத்தமுத்து தாளை விரித்தார். வலது மூலைக் கட்டத்தில் 'ஃபர்வானியா, குவைத். ரெவ் 0' என்று இருந்தது. ரோடெல் தாயாரிடம் கடைசியாகப் பேசியபோது, ஃபர்வானியாவில் ஒரு ரூம், கீழே முடிவெட்டும் கடை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஃபர்வானியாவில் எத்தனை முடிவெட்டும் கடை இருக்கும் என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் நாப்பத்தொண்ணு சார்," என்றார். "பாதி ஊருதான் முடிஞ்சிருக்கு."